இருளறைப் பராமரிப்பாளர்

தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் எந்தக் கட்டடத்தைக் கடந்தாலும் உள்ளிருந்து ஏதாவது ஒரு சத்தம் வரும். சத்தமே வராத ஒரே கட்டடம் முட்டை ஒளியூட்டு ஆராய்ச்சி நிலையம். அதனால் அங்கே வேலை நடக்கவில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அது முட்டைக்குள் நடக்கும் வேலை, வெளியே கேட்காது என்று இயக்குநர் டாக்டர் சந்திரமோகன் எல்லாக் கூட்டங்களிலும் விளக்குவார்.

சுற்றுவட்டாரத்தில் அதற்கு முட்டை ஆபீஸ் என்று பெயர். எட்வர்ட் அங்கே எலக்ட்ரீஷியனாகச் சேருவதற்கு முன்பு கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தான். கம்பெனி புதிய இயந்திரங்களை இறக்கியது. அவை தங்கள் பழுதைத் தாங்களே சொல்லிவிடும் என்றார்கள். பழுதைக் கண்டுபிடிக்கிற எட்வர்ட் போன்ற ஆட்கள் வேலையிழந்து வெளியே வந்தார்கள். அதன்பிறகு கவரைப்பேட்டையில் வீட்டு மின்விசிறிகளுக்குக் கம்பிச் சுருள் கட்டிக்கொண்டிருந்தவனிடம், முட்டை ஆபீசுக்கு ஆள் எடுக்கிற செய்தியை மனைவி கிரேஸ்தான் கொண்டுவந்தாள். அவளுடைய மகளிர் குழுவுக்கு அந்த ஆபீஸ் ஏதோ கோழித் திட்டம் தரப்போவதாகப் பேச்சு இருந்தது.

“கோழி ஆபீஸ்ல எனக்கு இன்னாமே வேல? கோழிய எனக்குத் துன்னத்தான் தெரியும்.”

“லைட்டப் பத்தித் தெரியும்ல? அங்க முட்டைக்கு லைட்டுப் போடறாங்களாம். போய்ப் பாரு. ஊட்லயே குந்திக்கினு இருந்தா ஒரே பேஜாராப் பூடும்.”

போனான். வேலை கிடைத்தது, ஒப்பந்தத்தில்தான். அலுவலகக் கண்காணிப்பாளர் துளசிராமன் அவனை உள்ளே அழைத்துப்போய் எதிரெதிராக இருந்த இரண்டு அறைகளைக் காட்டினார். இரண்டிலும் ஆளுயரத்துக்குக் கண்ணாடிக் கதவு வைத்த அடைகாப்பு இயந்திரங்கள் நின்றன. அவற்றுக்குள் அப்போதுதான் தட்டுத் தட்டாக முட்டைகளை அடுக்கியிருந்தார்கள். ஒரு கதவுக்கு மேலே ‘ஒளியறை’ என்று பலகை. மற்றதற்கு மேலே ‘இருளறை’.

“இந்த ரூம்ல முட்டைக்குப் பச்சை லைட்டு எரியணும். அந்த ரூம்ல எதுவும் எரியக் கூடாது. ரெண்டுக்கும் நீதான் பொறுப்பு” என்றார் துளசிராமன்.

“எரியாத ரூமுக்கு இன்னா சார் பொறுப்பு?”

“எரியாமப் பாத்துக்கறதுதான்.”

எட்வர்டுக்குப் புரியவில்லை. கம்பெனியிலும் பல விஷயங்கள் புரியாமல்தான் பல வருடம் வேலை செய்திருக்கிறான் என்பதால் சரி என்றான்.

அவனுக்குப் புரியவைத்தது பூமிகா. நிலையத்தில் இருந்த ஒரே இளம் விஞ்ஞானி. மணவாள நகரிலிருந்து தினமும் இரண்டு பேருந்து மாறி வருவாள். ஏணிமேல் நின்று பச்சை விளக்குகளை மாட்டிக்கொண்டே அவன் கேட்டான்:

“தப்பா நெனைக்காதீங்க மேடம். ஓடு மூடிக்கினு இருக்குது. உள்ள இருக்கறதுக்கு வெளிச்சம் இருந்தா இன்னா, இல்லாகாட்டி இன்னா?”

“ஓடு வழியா வெளிச்சம் போகும்ணா. கோழி அடை காக்கும்போது நடுநடுவுல எரை எடுக்க எழுந்து போகுது இல்ல? அப்ப முட்டை மேல வெளிச்சம் படும். பொரியறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி குஞ்சு உள்ள இப்படிச் சுருண்டு படுத்திருக்கும்.” பூமிகா தலையைத் திருப்பி, இடது கண்ணைத் தோளில் புதைத்துக் காட்டினாள். “இடது கண்ணு அதோட ஒடம்புலயே மறைஞ்சுடும். வலது கண்ணு ஓட்டுப் பக்கம் இருக்கும். அந்த ஒரு கண்ணுல வெளிச்சம் படப்பட மூளை வேலையைப் பிரிச்சுக்குது. ஒரு கண்ணு கல்லுக்கு நடுவுல தானியத்தைத் தேடும். இன்னொரு கண்ணு மேல காக்கா வருதான்னு பாத்துக்கும்.”

“அப்ப இருட்டுலயே பொரிச்ச குஞ்சு?”

“அதுவும் வளரும். ஆனா ரெண்டு வேலையையும் ஒரே நேரத்துல செய்யத் தடுமாறும். பயமும் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும்னு சொல்றாங்க. நம்ம ஊர்க் கோழிக்கு அது எவ்வளவு, எந்த நிற வெளிச்சம் நல்லதுன்னு பாக்கத்தான் இந்த ரெண்டு ரூமும்.”

எட்வர்டுக்கு இது பிடித்திருந்தது. விளக்குப் போடுகிற வேலையால் ஒரு உயிருக்கு மூளை வளரும் என்று அவனிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. அன்று வீட்டில் பிள்ளைகளுக்கு முன்னால் தோளில் கண்ணைப் புதைத்துக் காட்டினான். கிரேஸ் சிரித்து ஓய்ந்து, பிறகு தானும் ஒருமுறை செய்துபார்த்தாள்.

முட்டைகள் அடுக்கிய அதே வாரத்தில் நிலையத்துக்குத் திறப்பு விழா என்று முடிவாயிற்று. தலைமை விருந்தினர் மிகப் பெரியவர். எவ்வளவு பெரியவர் என்றால், அவர் பெயரைச் சொல்லும்போது துளசிராமன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிடுவார். ஒத்திகைக்காகப் புகைப்படக்காரரை வரவழைத்து எல்லா அறைகளையும் படமெடுக்கச் சொன்னார்கள். ஒளியறை பச்சைப் பசேலென்று வந்தது. இருளறை கறுப்புக் கட்டமாக வந்தது.

டாக்டர் சந்திரமோகன் அந்தக் கட்டத்தை நீண்டநேரம் பார்த்தார்.

“இதுல என்ன தெரியுது?”

“இருட்டு சார்” என்றார் துளசிராமன்.

“அது எனக்குத் தெரியும். பாக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? இத்தனை செலவு பண்ணி ஒரு இருட்டை உருவாக்கியிருக்கோம். அது பளிச்சுன்னு தெரிய வேண்டாமா?” அவர் எட்வர்டைப் பார்த்தார். “நல்ல ஃபோகஸ் லைட்டாப் போட்டு இருட்டைத் தெளிவாக் காட்டுப்பா.”

பூமிகா ஓடிவந்தாள். “சார், அது ஒப்பிட்டுப் பாக்கறதுக்கான கன்ட்ரோல் ரூம். அங்க வெளிச்சம் பட்டுச்சுன்னா கன்ட்ரோலே போயிடும்.”

“கன்ட்ரோல் எப்படிம்மா போகும்? நான்தானே லைட்டுப் போடச் சொல்றேன்?”

ஃபோகஸ் விளக்குகள் இருளறையில் ஏறின. அதே சமயம் வாசலில் வரவேற்பு வளைவுக்கு அலங்கார விளக்குகள் வேண்டியிருந்தன. வாங்குவதற்கு அவகாசம் இல்லை. கையில் இருந்தவை ஒளியறையின் பச்சை விளக்குகள் மட்டுமே. “விழா முடிஞ்சதும் திரும்ப மாட்டிக்கலாம்” என்று துளசிராமன் சொன்னதால் எட்வர்ட் கழற்றி வளைவில் மாட்டினான். பூமிகாவின் முகத்தைப் பார்க்காமலே மாட்டினான்.

விழாவில் தலைமை விருந்தினர் இருளறைக்குள் நுழைந்து, கண்கூசி, கையால் மறைத்துக்கொண்டு, “நல்ல இருட்டு” என்று பாராட்டினார். டாக்டர் சந்திரமோகன் பேசினார்: “வெளிச்சத்தை யார் வேண்டுமானாலும் காட்டிவிடலாம், ஐயா. இருட்டைக் காட்டத்தான் நிர்வாகம் தேவைப்படுகிறது.” கைதட்டல் ஓயவே இல்லை.

படங்கள் வெளிவந்தபின் இருளறைக்குக் கூட்டம் வரத் தொடங்கியது. பிற துறை அதிகாரிகள், கல்லூரி மாணவர்கள், மகளிர் குழுக்கள் எல்லாரும் வந்தார்கள். பார்வையாளர் வரும்போதெல்லாம் விளக்கைப் போட வேண்டியிருந்ததால், போட்டுப் போட்டு அணைப்பது வீண் என்று பகல் முழுக்க எரியவிடச் சொன்னார்கள். ஒளியறைக்கு யாரும் வரவில்லை. பச்சை விளக்குகளும் திரும்பவில்லை. வளைவு பார்ப்பதற்கு அழகாக இருந்ததால் அதுவே நிலையத்தின் அடையாளச் சின்னமாகியிருந்தது.

பூமிகா இயக்குநரிடம் நேரில் போய் நின்றாள். எட்வர்ட் அப்போது அவருடைய ஏசியின் ஸ்விட்சை மாற்றிக்கொண்டிருந்தான்.

“சார், ஒளியறைல வெளிச்சமே இல்ல.”

“அங்க யாராவது வர்றாங்களா?”

“முட்டை இருக்கு சார்.”

“முட்டை இருக்கட்டும்மா. பாக்க ஆள் வர்றாங்களான்னு கேட்டேன். ஆள் வராத ரூமுக்கு லைட்டுப் போட்டா தணிக்கையில கேப்பாங்க.”

மூன்று வாரத்தில் குஞ்சுகள் பொரிந்தன. சென்னையிலிருந்து வல்லுநர் குழு வந்தது. சோதனை எளிமையானது. குஞ்சை மல்லாக்கப் படுக்கவைத்து, மெல்லப் பிடித்து, கையை எடுத்துவிடுவார்கள். பயந்த குஞ்சு அப்படியே விறைத்துக் கிடக்கும். தைரியமான குஞ்சு சட்டென்று எழுந்துவிடும்.

ஒளியறைக் குஞ்சுகள் கால்களை மேலே நீட்டி, மேலதிகாரி எழச் சொல்வதற்காகக் காத்திருப்பவை போலக் கிடந்தன. இருளறைக் குஞ்சுகள் கையை எடுக்கும் முன்பே திமிறி எழுந்தன. ஒன்று மேசையில் ஓடி, ஒரு வல்லுநரின் பிஸ்கட்டைக் கொத்தியது.

நிலையத்தின் பெயரே ஒளியூட்டு ஆராய்ச்சி நிலையம். இப்போது ஒளி தோற்றுவிட்டது. டாக்டர் சந்திரமோகனுக்கு வியர்த்தது.

ஓரமாக நின்ற எட்வர்டுக்கு உதவி செய்யத் தோன்றியது. “சார், இருளறைலதான் சார் பகலெல்லாம் லைட்டு எரிஞ்சிக்கினு இருந்துச்சி. இந்தப் பக்கம்தான் இருட்டு. அதான் இப்டி மாறிப்போச்சி.”

“உண்மைதான் சார்” என்றாள் பூமிகா. “ரூம் ரெண்டும் இடம் மாறிடுச்சு. அப்படிப் பாத்தா ரிசல்ட் சரியாத்தான் இருக்கு. வெளிச்சம்தான் ஜெயிச்சிருக்கு.”

வல்லுநர் குழுவின் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “போர்டுல என்ன எழுதியிருக்கு?”

“இருளறைன்னு சார்” என்றார் துளசிராமன்.

“அரசு செலவுல எழுதின போர்டுதானே?”

“ஆமாம் சார்.”

“அப்ப அது இருட்டுதான். உள்ள என்ன எரிஞ்சுதுங்கறது உள்நிர்வாக விஷயம். நாங்க அதுல தலையிட மாட்டோம்.”

டாக்டர் சந்திரமோகனின் முகம் தெளிந்தது. அவர் எழுந்து நின்றே பேசினார்: “நான் ஆரம்பத்துலேருந்தே இருட்டுமேல நம்பிக்கை வச்சிருந்தேன். இருட்டுக்கு மின்சாரம் தேவையில்லை. பல்பு மாத்த வேண்டாம். எந்தக் குக்கிராமத்துலயும் கிடைக்குது. இதைவிடச் சிக்கனமான கண்டுபிடிப்பு உலகத்துல உண்டா?”

இல்லை என்று குழு ஒருமனதாக ஏற்றது. அந்த வாரமே பெயர்ப்பலகையில் ஒளியை அழித்து, ‘முட்டை இருளூட்டு ஆராய்ச்சி நிலையம்’ என்று எழுதினார்கள். பூமிகாவைக் கூப்பிட்டு, இளம் விஞ்ஞானிகளுக்கு அடக்கம் முக்கியம் என்று சொல்லி அனுப்பினார்கள். எட்வர்டைக் கூப்பிட்டு அவனுக்கு நிரந்தர வேலை கொடுத்தார்கள். பதவியின் பெயர், இருளறைப் பராமரிப்பாளர்.

கிரேஸ் அன்று பிரியாணி செய்தாள். “பர்மனென்ட்டு! எங்கப்பா ஆயுசு முழுக்க அடுத்தவன் நெலத்துல கூலிக்குப் போனாரு. உனக்குக் கவர்மென்ட்டு வேல. இன்னாய்யா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு துன்றே?”

“நான் லைட்டுப் போடற ஆளு. இப்ப இருட்டுக்குச் சம்பளம் குடுக்கறாங்க.”

“ரெண்டும் ஸ்விட்சுதானே? மேலயும் போடலாம், கீழயும் போடலாம். துன்னு.”

அடுத்து வந்தது திட்டம். ‘இல்லந்தோறும் இருள்.’ மகளிர் குழுப் பெண்களுக்கு வீட்டிலேயே குஞ்சு பொரிக்க ஆளுக்கொரு சின்னத் தெர்மாகோல் பெட்டி. மேலே கண்ணாடி மூடி. முட்டைக்குச் சூடு தர உள்ளே ஒரு பல்பு. பல்பு என்றால் வெளிச்சமும் வருமே என்று கடைசி நேரத்தில் யாரோ கண்டுபிடித்ததால், எல்லாப் பல்புகளுக்கும் கறுப்புப் பெயின்ட் அடிக்கப்பட்டது. பெட்டிமேல் போர்த்தக் கறுப்புத் துணி உறையும் கொடுத்தார்கள். முட்டை பொரியும்வரை உறையைத் திறக்கக் கூடாது என்பது கண்டிப்பான நிபந்தனை. பயனாளிகள் இருந்த தெருக்களில் பகலிலேயே அவ்வப்போது மின்சாரம் போக ஆரம்பித்தது. யாராவது புகார் செய்தால், திட்டம் உங்கள் பகுதிக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது என்று வாழ்த்துச் சொன்னார்கள்.

வீடு வீடாகப் போய் இருட்டு போதுமான அளவு இருக்கிறதா என்று சோதிப்பது எட்வர்டின் வேலை. அதற்கு வெளிச்சம் அளக்கும் கருவி ஒன்று கொடுத்திருந்தார்கள். உறைக்குள் கையை விட்டு அளந்தால் அந்த இருட்டில் கருவியின் எண் தெரியவில்லை. எண்ணைப் படிக்க டார்ச்சு கொடுத்தார்கள். டார்ச்சு அடித்தால் எண் ஏறியது. ஏறிய எண்ணுக்காகப் பயனாளிகளை எச்சரிக்கச் சொன்னார்கள்.

கிரேசுக்கும் ஒரு பெட்டி வந்தது. பக்கத்து வீட்டு முத்தம்மாளுக்கும் வந்தது. முத்தம்மாள் கணவன் இல்லாதவள், தொழிற்பேட்டையில் கூட்டிப் பெருக்கும் வேலையைச் சமீபத்தில் இழந்திருந்தாள். கோழி வளர்த்தாவது நிமிரலாம் என்று முழுதாக நம்பினாள். அதிகாரிகள் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தாள். உறை போதாதென்று அதன்மேல் ஒரு கம்பளியும் போர்த்தினாள்.

கிரேஸ் முதல் நாளே உறையை எடுத்துவிட்டாள். பெயின்ட் சூடேறி நாறுகிறது என்று பல்பைக் கழற்றிக் கத்தியால் சுரண்டிவிட்டாள்.

“இன்னா பண்றே? நான்தான் இன்ஸ்பெக்சன் பண்ற ஆளு! எம் மூஞ்சிலயே கரி பூசறியா?”

“உள்ள இன்னா ஆவுதுன்னு பாக்காம எப்டிய்யா இருக்கறது? புள்ளத்தாச்சிப் பொண்ண ரூம்ல போட்டுப் பூட்டற மாதிரி இருக்குது. வேணும்னா எம்மேல கேஸ் போடு.”

மறுநாள் பூமிகாவிடம் மெதுவாகக் கேட்டான். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அண்ணா, அண்ணியைத் தயவுசெஞ்சு மூடச் சொல்லாதீங்க. பகல்ல வெளிச்சம் படட்டும். தாய்க்கோழி கிட்ட அப்படித்தான். மத்தவங்ககிட்டயும் சொல்லுங்க.”

“சொன்னா வேல பூடுமே மேடம்.”

எட்வர்ட் யாரிடமும் சொல்லவில்லை.

குஞ்சுகள் பொரிந்து, வளர்ந்து, வாசலில் இறங்குகிற பருவம் வந்தது. கிரேசின் குஞ்சுகள் மண்ணைக் கிளறித் தின்றுகொண்டே ஒரு கண்ணை வானத்தில் வைத்திருந்தன. காக்காயின் நிழல் விழுந்ததும் சிதறித் துணி துவைக்கும் கல்லுக்கடியில் போய்விடும். முத்தம்மாளின் குஞ்சுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. தீவனம் தூவினால் குனிந்து தேடின. தேடும்போது மேலே பார்க்கவில்லை. நிழல் விழுந்தால் இருந்த இடத்திலேயே விறைத்தன. காக்காய்களுக்குச் சிரமமே இருக்கவில்லை.

கடைசிக் குஞ்சும் போன அன்று முத்தம்மாள் வாசலில் உட்கார்ந்து, வந்த எட்வர்டிடம் கேட்டாள்: “நான் இன்னா தப்புப் பண்ணேன் தம்பி? நீங்க சொன்னாப்பலதான மூடி வெச்சேன்? இருட்டு பத்தலியா?”

எட்வர்ட் கையிலிருந்த கருவியைப் பைக்குள் வைத்தான். தன் வீட்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். கிரேஸ் சாப்பாடு வைத்துவிட்டு வந்து பார்த்தபோது சோறு அப்படியே இருந்தது.

“அக்கா கேட்டதுக்கு இன்னா சொன்னே?”

“ஒண்ணும் சொல்லல.”

“தெரியாத மாதிரி நின்னியா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கிரேஸ் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

இந்த நிலையில் நிலையம் தன் திட்டத்தின் வெற்றியைக் கணக்கெடுக்க வந்தது. காக்காய் தூக்கிய குஞ்சுகள் பயனாளியின் கவனக்குறைவில் சேர்ந்தன. உயிரோடும் துடிப்போடும் இருந்தவை கிரேசின் குஞ்சுகள் மட்டுமே. ஆகவே மாவட்டத்திலேயே இருட்டை மிகச் சிறப்பாகக் கடைப்பிடித்த பயனாளி கிரேஸ் என்று முடிவு செய்து, ‘இருள் சுடர்’ விருது அறிவித்தார்கள்.

விழா திருவள்ளூரில், ஒரு கல்யாண மண்டபத்தில், காலை நேரத்தில். திட்டத்துக்கு மரியாதை செய்யும் விதமாக முழு விழாவும் இருட்டில் நடக்கும் என்று டாக்டர் சந்திரமோகன் தீர்மானித்திருந்தார். சன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் திரை. செல்போன் தடை. ஸ்விட்ச் பலகைக்குப் பக்கத்தில் எட்வர்டை நிறுத்தி, “என் உத்தரவு இல்லாம ஒரு விளக்கும் எரியக் கூடாது. இது நிலையத்தோட மானப் பிரச்சினை” என்றார்.

தலைமை விருந்தினர் வந்து அமர்ந்தார். கதவுகளை மூடினார்கள். டாக்டர் சந்திரமோகன் மைக்கைத் தடவிக் கண்டுபிடித்துப் பேசத் தொடங்கினார். பேச்சு நீண்டது. ஒவ்வொரு வாக்கியத்திலும் தலைமை விருந்தினரை விளித்தார். “மாண்புமிகு ஐயா அவர்களே, வெளிச்சத்தில் மக்கள் கேள்வி கேட்கிறார்கள். இருட்டில் கைதட்டுகிறார்கள். இது எங்கள் ஆய்வில் தெரியவந்த உண்மை!” இருட்டில் கைதட்டல் கேட்டது. “ஐயா அவர்கள் புன்னகைப்பதை நான் உணர்கிறேன்!” மறுபடி கைதட்டல், முன்பைவிட மெலிதாக.

நடுநடுவே நாற்காலிகள் நகர்ந்தன. எங்கோ ஒரு கதவு திறந்து மூடியது. சாப்பாட்டுப் பொட்டலம் பிரிகிற வாசனை வந்தது.

கடைசியில் கிரேசை அழைத்தார்கள். முன்வரிசையில் குழுப் பெண்களோடு உட்கார்ந்திருந்த அவள் எழுந்து, புதுப் புடவையைப் பிடித்துக்கொண்டு, மேடை இருக்கும் திசையென்று நினைத்த பக்கம் நடந்தாள். படியில் கால் இடித்தது. வலியில் அவள் ‘அம்மா!’ என்று கத்தியது மண்டபம் முழுக்கக் கேட்டது. முட்டியைத் தேய்த்துக்கொண்டு அவள் கூப்பிட்டாள்:

“யோவ்! அங்கதான நிக்கறே? லைட்டப் போடுய்யா. எங்கக் கால வெக்கறதுன்னே தெரியல.”

“விளக்கு வேண்டாம்! நிகழ்ச்சி தொடர்கிறது!” என்றது இயக்குநரின் குரல்.

எட்வர்டின் விரல் பலகைமேல் இருந்தது. நிரந்தர வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று ஏதேதோ மனதில் ஓடியதாகப் பின்னால் சொன்னான். ஆனால் அந்த நேரத்தில் அவனுக்குக் கேட்டதெல்லாம், இருட்டு பத்தலியா என்று முத்தம்மாள் கேட்டதுதான். எல்லா ஸ்விட்சுகளையும் உள்ளங்கையால் ஒரே தட்டாகத் தட்டினான்.

மண்டபம் வெளுத்தது.

டாக்டர் சந்திரமோகன் ஒரு காலி நாற்காலியை நோக்கிக் கைகூப்பி, இடுப்புவரை வளைந்து நின்றிருந்தார். தலைமை விருந்தினர் எப்போதோ போய்விட்டிருந்தார். அவருக்குப் போட்ட சால்வை நாற்காலியின் கைப்பிடியில் தொங்கியது. துளசிராமன் விருதுக் கேடயத்தை ஒரு தூணுக்கு மிகுந்த பணிவோடு நீட்டிக்கொண்டிருந்தார். வல்லுநர் குழுவின் தலைவர் வாயில் வடையோடு திகைத்து நின்றார். பின்வரிசைகள் காலி. அதிகாரிகளில் பாதிப்பேர் பக்கவாட்டுக் கதவருகே பொட்டலமும் கையுமாக உறைந்திருந்தார்கள். உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தவர்கள் மகளிர் குழுப் பெண்கள் மட்டும்தான். அவர்களோடு ஓரத்தில் பூமிகா.

கிரேஸ் படியேறினாள். தூணுக்குப் போகவிருந்த கேடயத்தை வாங்கிக்கொண்டு மைக் முன்னால் நின்றாள். பேசச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. பேச வேண்டாம் என்று சொல்லும் நிலையிலும் யாரும் இல்லை.

“நான் மூடவே இல்ல சார்” என்றாள். “துணிய எடுத்துட்டேன். பல்புல இருந்த கறுப்பச் சொரண்டிட்டேன். பகல்ல வெளிச்சத்துலதான் முட்டை இருந்துச்சி. அதோ முத்தம்மா அக்கா குந்தினு இருக்கறாங்களே, அவங்கதான் நீங்க சொன்ன மாதிரியே மூடுனாங்க. ஒரு குஞ்சு மிச்சமில்ல. பரிசு யாருக்குக் குடுக்கணும்னு நீங்களே சொல்லுங்க.”

முத்தம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பூமிகா எழுந்து கைதட்டினாள். பெண்கள் எல்லாரும் தட்டினார்கள். வெளிச்சத்தில் யார் தட்டுகிறார்கள் என்பது தெளிவாகத் தெரிந்தது.

விசாரணை நடந்தது. அரசு இருட்டுக்குச் சேதம் விளைவித்ததாக எட்வர்ட்மேல் குற்றச்சாட்டு. டாக்டர் சந்திரமோகன் கேட்டார்:

“யாருடைய உத்தரவின்பேரில் விளக்கைப் போட்டாய்?”

“எம் பொண்டாட்டி சொன்னா சார்.”

“அவங்க எந்தத் துறை?”

எட்வர்ட் கொஞ்சம் யோசித்தான். “அவதான் சார் எனக்கு எல்லாத் துறையும்.”

அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள். பூமிகாவைத் தென்கோடியில் ஓர் ஆட்டுப் பண்ணைக்கு மாற்றினார்கள். போவதற்கு முன் அவள் கவரைப்பேட்டைக்கு வந்து, கிரேசின் வீட்டு வாசலில் பெண்களை உட்காரவைத்து, கூழாங்கற்களோடு தானியத்தைக் கலந்து தூவி, குஞ்சுகள் பொறுக்குவதைக் காட்டினாள். முத்தம்மாள், கிரேஸ் வாங்கிக் கொடுத்த நாட்டு முட்டைகளைத் தன் பெட்டியில் அடுக்கினாள். கறுப்புத் துணியை அவள் பிள்ளைகள் பள்ளி நாடகத்துக்கு எடுத்துப்போனார்கள். எட்வர்ட், கேட்ட வீடுகளிலெல்லாம் பல்புகளின் பெயின்ட்டைச் சுரண்டிக் கொடுத்தான். முத்தம்மாளின் பல்பை முதலில் சுரண்டினான். அப்போது நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னான். கேட்டுவிட்டு அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். பிறகு, “டீ குடிக்கறியா?” என்றாள்.

நிலையத்தை யாரும் மூடவில்லை. ஒளியா இருளா என்ற விவாதத்துக்கு முற்றுப்புள்ளி வைக்க, அரையிருட்டு பற்றி ஆராய உயர்மட்டக் குழு அமைக்கப்பட்டது.

சில மாதம் கழித்து, மதிய வேளையில், துளசிராமனிடமிருந்து எட்வர்டுக்குப் போன் வந்தது. குரல் ரகசியமாக இருந்தது.

“எட்வர்டு, நல்லா இருக்கியா? ஒரு உதவி பண்ணுப்பா. ஆபீஸ்ல ஒயரிங் எரிஞ்சு போச்சு. புது ஆள் எடுக்க உத்தரவு வரல. டைரக்டர் ரூம்ல ஜன்னல் வேற இல்லையா, ஒரே இருட்டு. மனுஷன் உள்ள உக்காந்திருக்காரு, பேச்சுமூச்சே காணோம். என்ன பண்றதுன்னே தெரியல.”

எட்வர்ட் ஏணியின் மேல் நின்றிருந்தான். ஏதோ ஒரு வீட்டு வாசலில் புதிதாக ஒரு விளக்கை மாட்டிக்கொண்டிருந்தான். திருகி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னான்.

“பயப்படாதீங்க சார். தொறக்காம அப்டியே மூடி வைங்க. பொரிய மூணு வாரம் ஆவும்.”